தீவாந்தரம் வந்த பாட்டனைத் தேடுறீங்களா? அக்கா சொல்றதைக் கேளுங்க

பினாங்குல எந்தத் தமிழ்க் குடும்பத்துலயும் தீவாந்தர தண்டனையில கைதியா வந்த பாட்டன் பேச்சை எடுத்துப் பாருங்க, யாராவது ஒருத்தர் உடனே பேச்சை மாத்திடுவாங்க. "நம்ம பூட்டன் வியாபாரத்துக்கு வந்தவர்"னு ஒரே வரியில கதவைச் சாத்திடுவாங்க. வியாபாரத்துக்கு வந்தவங்க நிறையவே இருந்தாங்க, நான் மறுக்கலை. ஆனா 1786-ல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவுல கொடி ஏத்தின சில வருஷத்துக்குள்ளேயே, கிழக்கிந்தியக் கம்பெனி சர்க்கார் இந்தியாவுலேர்ந்து கைதிகளைக் கப்பல் கப்பலா கொண்டுவந்து இறக்க ஆரம்பிச்சாச்சு. வங்காளம், சென்னை, பம்பாய் மூணு மாகாணத்துக் கைதிகளும் வந்தாங்க. 1804 வாக்கில் கார்ன்வாலிஸ் கோட்டையைச் செங்கல்லும் கல்லும் வைச்சுக் கட்டினது அவங்க கை. ஃபார்குவார் தெருவுல இருக்கிற செயின்ட் ஜார்ஜ் சர்ச்சும் அவங்க உழைப்புதான். தண்டனை முடிஞ்ச பிறகும் ஊர் திரும்பாம இங்கேயே குடும்பமாயிட்டவங்க எத்தனையோ பேர்.

இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்லை. அயர்லாந்துலேர்ந்து ஆஸ்திரேலியாவுக்குக் கைதியா அனுப்பப்பட்டவங்களோட வாரிசுகள் இன்னைக்குப் பெருமையா அவங்க பேரைத் தேடுறாங்க. 1791-லேர்ந்து 1868 வரை போன அயர்லாந்துக் கைதிகளைப் பத்தின ஆவணங்களைப் படம் பிடிச்சு, 1988-ல் அயர்லாந்து அரசாங்கமே ஆஸ்திரேலியாவுக்குப் பரிசா குடுத்துச்சு. அங்கே பேரைத் தட்டினா ஆள் வந்து நிக்கிற மாதிரி ஒரு பட்டியல் இருக்கு. நமக்கு அப்படி யாரும் போட்டுத் தரலை. நம்ம ஆளுங்க பேர் கோர்ட்டு நடவடிக்கைக் கட்டுகளுக்குள்ள, கடிதங்களோட பின்னிணைப்புகள்ல சிதறிக் கிடக்கு. அதனால கண்டபடி அலையாம, வரிசை தப்பாம தேடணும். வேலை, பிள்ளைகள் ஸ்கூல்னு ஓடுறவங்க நீங்க. உங்களுக்கு நேரம் மிச்சமாகிற வரிசையில சொல்றேன்.

1. முதல்ல வருஷத்தைப் பிடிங்க

பாதிப் பேர் இந்த ஒரு கேள்வியிலேயே தெளிஞ்சுடுவீங்க. இந்தியக் கைதிகள் இந்தப் பக்கம் வந்தது சுமார் 1790-லேர்ந்து 1860 வரைக்கும்தான். 1857 கலகத்துக்கு அப்புறம், 1858 மார்ச்சுல அந்தமான்ல போர்ட் பிளேரைத் திறந்துட்டாங்க. அதுக்குப் பிறகு தீவாந்தர தண்டனைன்னா அந்தமான். இங்கே மிச்சம் இருந்தவங்களோட கணக்கை 1873-ல் முடிச்சாங்க. விடுதலை ஆகாதவங்களை அந்தமானுக்கே மாத்திட்டாங்க.

ஆகவே உங்க கொள்ளுத்தாத்தா ரஜூலா கப்பல்ல வந்தார்னு கதை இருந்தா, அவர் கைதி இல்லை. அந்தக் கப்பலே 1926-லதான் ஓட ஆரம்பிச்சுது. செபராங் பிறையில கரும்புத் தோட்டத்துக்கு வந்தார்னா ஒப்பந்தத் தொழிலாளியா இருக்கலாம். அதுக்கு வேற ஆவணம், வேற வழி. சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய், கப்பல் லஸ்கர், சூலியா வியாபாரி இவங்க எல்லாருமே அந்தப் பழைய காலத்துலயும் இங்கே இருந்தாங்க. "ரொம்ப நாளைக்கு முன்னாடி வந்தவர்" என்பது கைதிங்கிறதுக்கு ஆதாரம் ஆகாது.

ஒரு தலைமுறைக்கு 25லேர்ந்து 30 வருஷம்னு வைச்சுப் பின்னாடி எண்ணுங்க. உங்க கணக்கு 1860-க்கு இப்பால நின்னா, அதோட நிறுத்திட்டு வேற பாதைக்குத் திரும்புங்க. வீணா ஒரு வருஷம் அலைய வேண்டாம்.

2. பெரியவங்ககிட்ட "கைதியா?"னு கேக்காதீங்க

கேட்டீங்கன்னா வாயைத் திறக்கவே மாட்டாங்க. இப்படிக் கேளுங்க: எந்த ஊர்லேர்ந்து வந்தார்? கூட யார் வந்தாங்க? ஊருக்கு ஏன் கடிதம் போடலை? கல்யாணம் இங்கேயா அங்கேயா? ரோடு போடுற வேலை, சுண்ணாம்புச் சூளை, துரை வீட்டு வேலை ஏதாவது செஞ்சாரா? நெத்தியில பச்சை குத்தின அடையாளம் இருந்ததா?

கடைசிக் கேள்வியைக் கேக்க மறந்துடாதீங்க. வங்காளத்துலயும் சென்னையிலயும் ஆயுள் கைதிகளோட நெத்தியில பேரையும் குத்தத்தையும் தண்டனைத் தேதியையும் பச்சை குத்துற கொடுமை 1849-ல் சட்டம் போட்டு நிறுத்துற வரைக்கும் இருந்துச்சு. அதை மறைக்கத் தலைப்பாகையை நெத்தி வரைக்கும் இழுத்துக் கட்டிக்கிட்டவங்க உண்டு. குடும்பக் கதையில தலைப்பாகை வந்தா காதைத் தீட்டிக்கோங்க. ஆனா அதை மட்டும் வைச்சு முடிவு கட்டாதீங்க.

சொல்றதைப் போன்ல பதிவு பண்ணிக்கோங்க. ஒவ்வொரு பெரியவரையும் தனித்தனியா கேளுங்க. நாலு பேரை ஒண்ணா உக்கார வைச்சா ஒருத்தர் சொன்னதையே மத்தவங்களும் சொல்லிடுவாங்க.

3. மருதுபாண்டியர் வாரிசுன்னு ஆரம்பிக்காதீங்க

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பாளையக்காரர் போர் முடிஞ்சு, 1801 அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூர்ல தூக்குல போட்டாங்க. அவங்களைச் சேர்ந்தவங்களும் மத்தப் பாளையங்களைச் சேர்ந்தவங்களுமா 70-க்கு மேற்பட்டவங்களை 1802 பிப்ரவரியில தூத்துக்குடியில 'அட்மிரல் நெல்சன்' கப்பல்ல ஏத்தி இந்தப் பக்கம் அனுப்பினாங்க. சின்ன மருதுவோட மகன் துரைசாமி அதுல ஒருத்தன், மீசை அரும்பாத பையன். சிவகங்கை ராஜா வேங்கன் பெரிய உடையணத் தேவரும் அதே கூட்டத்துல இருந்தார்.

கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் அந்தப் போர்ல கம்பெனி பக்கம் நின்னவர். அதுக்கு முன்னாடி சின்ன மருதுகிட்ட வளரி எறியக் கத்துக்கிட்டவரும் அவரேதான். 1818-ல் அவர் பினாங்குக்கு வந்தப்போ துரைசாமியை இங்கே பார்த்தார். துரைசாமிக்கு அப்போ முப்பது வயசைத் தாண்டிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். ஆனா வெல்ஷ் கண்ணுக்குத் தெரிஞ்சது உடைஞ்சு போன ஒரு கிழவன். இதை வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகள்ல எழுதி, அது 1830-ல் புத்தகமா வந்துச்சு. இந்த ஊர் மண்ணுல நடந்தது இது. நம்ம பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய கதை.

ஆனா கணக்கைப் பாருங்க. அந்த எழுபதுக்கு எதிர்ல, எழுபது வருஷத்துல பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்னு இந்த நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்தவங்க ஆயிரக்கணக்குல. பெரும்பாலானவங்க மேல எழுதின குத்தம் கொள்ளை, கொலை, திருட்டு. குடும்பப் பேர் தேவர்னு இருக்கு, சிவகங்கைப் பக்கம்னு ஒரு பாட்டி சொன்னாங்கன்னு நேரா துரைசாமிக்குப் போய் முடிச்சுப் போடாதீங்க. அப்படிப் போட்ட முடிச்சால உங்க சொந்தப் பாட்டன் மறுபடியும் காணாமப் போயிடுவார். உங்ககிட்டேர்ந்து ஒவ்வொரு தலைமுறையா பின்னாடி போங்க. பாதை அந்த 1802 பட்டியல்ல போய் முட்டினா, அப்போ நானே வந்து உங்களுக்கு மாலை போடுறேன்.

4. பேரை நம்பாதீங்க, ஊரை நம்புங்க

முத்து, ராமசாமி, வீரப்பன், மீரான்... இந்தப் பேர்கள்ல அந்தக் காலத்துக் கைதிகள் எத்தனையோ பேர். இங்கிலீஷ்கார குமாஸ்தா காதுல விழுந்ததை எழுதினான். ஒரே ஆள் பேர் மூணு தாள்ல மூணு விதமா இருக்கும். அதனால:

- ஒரு பேருக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் வருமோ அத்தனையையும் முதல்லயே ஒரு தாள்ல எழுதிக்கோங்க. முத்துவுக்கு ஒரு 'டி'யா ரெண்டு 'டி'யா, நடுவுல 'ஹெச்' உண்டா இல்லையா, 'யு'வா ரெட்டை 'ஓ'வா, எல்லாத்தையும்.
- ஊர்ப் பேரைப் பழைய துரைமார் உச்சரிப்புல தேடுங்க: டேஞ்சூர், டின்னவெல்லி, டிரிச்சினாப்போலி, டூட்டிக்கோரின், நேகபட்டாம்.
- தகப்பன் பேரும் ஊரும் ரெண்டும் பொருந்தாத வரைக்கும் "இவர்தான்"னு சொல்லாதீங்க.
- கைதி எண் கிடைச்சா அதைக் கெட்டியா பிடிச்சுக்கோங்க. பேர் மாறும், எண் மாறாது.

5. நீங்க தேட வேண்டிய தாள் எது

கைதியைக் கப்பல் ஏத்துறப்போ கூடவே ஒரு பட்டியல் வரும். ஆள் அடையாளம் எழுதின பட்டியல். பேர், தகப்பன் பேர், சாதி, வயசு, உயரம், உடம்புல இருக்கிற மச்சம், தழும்பு, ஊர், குத்தம், தண்டிச்ச கோர்ட்டு, தேதி, எத்தனை வருஷம்னு எல்லாம் அதுல இருக்கும். தப்பிச்சு ஓடினா பிடிக்கிறதுக்காக எழுதினது. அந்தக் காலத்து ஏழைக் குடியானவனுக்கு வேற எந்த ஆவணத்துலயும் இவ்வளவு விவரம் கிடைக்காது. சுதந்திரமா வந்த கூலிக்காரர் வாரிசுகளுக்குக்கூட இந்த அளவு கிடைக்கிறது அபூர்வம்.

தண்டிச்ச கோர்ட்டு தெரிஞ்சா வேலை பாதி முடிஞ்சுது. சென்னை மாகாணத்துல 1802-லேர்ந்து 1843 வரைக்கும் பெரிய குத்தங்களை விசாரிச்சது நாலு சர்க்யூட் கோர்ட்டுகள்: மசூலிப்பட்டினம், சித்தூர், திருச்சிராப்பள்ளி, தலச்சேரி. தஞ்சாவூர், மதுரை, திருநெல்வேலிக்காரங்க திருச்சியில தேடுங்க, மலபார்க்காரங்க தலச்சேரியில. இதுக்கெல்லாம் மேல சென்னையில ஃபௌஜ்தாரி அதாலத்துங்கிற பெரிய குற்றவியல் கோர்ட்டு. வழக்குக் குறிப்புல முஃப்தியோட ஃபத்வா வந்தா குழம்பாதீங்க. உங்க பாட்டன் முஸ்லிம்னு அதுக்கு அர்த்தம் இல்லை. எல்லா மதத்தாருக்கும் இஸ்லாமியச் சட்டப்படிதான் அப்போ குற்ற விசாரணை நடந்துச்சு.

6. எங்கே தேடுறது: செலவில்லாத இடத்துலேர்ந்து

லண்டனுக்கு டிக்கெட் பாக்குறதை முதல்ல நிறுத்துங்க.

அ. வீட்டுல உக்காந்து. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் நீரிணைக் குடியேற்றப் பதிவுகளை இணையத்துல போட்டிருக்கு. கையெழுத்துப் பிரதிகளைப் பொதுமக்களே வாசிச்சுத் தட்டச்சு பண்ணிக் குடுத்த பக்கங்களும் அதுல உண்டு. பினாங்கும் அந்த நிர்வாகத்துல அடக்கம், அதனால "அது சிங்கப்பூர் சமாச்சாரம்"னு ஒதுக்காதீங்க. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு 'அபிலேக் படல்'னு ஒரு தளம் இருக்கு. 1867 ஏப்ரல் 1 வரைக்கும் நாம இந்திய அரசாங்கத்துக்குக் கீழதான் இருந்தோம், அதனால அங்கேயும் நம்ம கோப்பு இருக்கும். பழைய பேப்பருக்கு சிங்கப்பூர் நூலக வாரியத்தோட நியூஸ்பேப்பர் எஸ்ஜி.

ஆ. உள்ளூர்ல. கோலாலம்பூர்ல அர்கிப் நெகாரா, மிண்டன்ல யுஎஸ்எம் நூலகம், ஜார்ஜ் டவுன்ல பினாங்கு ஹெரிட்டேஜ் டிரஸ்ட். என்ன மைக்ரோஃபிலிம் இருக்குன்னு முதல்ல எழுதிக் கேளுங்க, பதில் வந்த பிறகு லீவு போடுங்க.

இ. சென்னையில. எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். நீதித்துறை நடவடிக்கைக் கட்டுகள் அங்கேதான். அனுமதிக்கு முன்கூட்டியே எழுதணும். கல்யாணத்துக்கு ஊருக்குப் போறப்போ நடுவுல ரெண்டு நாள் ஒதுக்குங்க, ஒரு மத்தியானம் போதாது. எந்த வருஷம், எந்த மாசம்னு தெரியாம போனா கட்டைப் பாத்துட்டு மலைச்சுப் போய் திரும்பிடுவீங்க.

ஈ. கடைசியா லண்டன். பிரிட்டிஷ் நூலகத்துல இந்தியா ஆபீஸ் பதிவுகள். நேரா போகாம, குறிப்பு எண் தெரிஞ்சுக்கிட்டு நகல் கேளுங்க.

இதுக்கெல்லாம் முன்னாடி ரெண்டு புத்தகம் படிச்சா பல மாசம் மிச்சம். கெர்னியல் சிங் சந்து, 1966-ல் கோலாலம்பூர்ல நடந்த முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டுல நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்த தமிழ்க் கைதிகளையும் மத்த இந்தியக் கைதிகளையும் பத்திக் கட்டுரை படிச்சார். அது மாநாட்டுக் கட்டுரைத் தொகுப்புல இருக்கு. கைதிகளை மேற்பார்த்த மெக்நேர்னு ஒரு அதிகாரி 1899-ல் எழுதின புத்தகம் இன்னொண்ணு. அவர் சர்க்கார் ஆள், தன் நிர்வாகத்தைப் புகழ்ந்துதான் எழுதுவார். தகவலை எடுத்துக்கிட்டு புகழ்ச்சியைத் தள்ளிடுங்க. இன்னைய ஆய்வாளர்கள்ல கிளேர் ஆண்டர்சன் எழுதினது எது கிடைச்சாலும் படிங்க.

7. கரை இறங்கின பிறகு அவர் என்ன ஆனார்

ஜெயில் கம்பிக்குள்ளேயே செத்திருப்பார்னு நினைச்சு நிறுத்திடாதீங்க. இங்கே கைதிகளை ஆறு வகுப்பாப் பிரிச்சிருந்தாங்க. புதுசா வந்தவங்க காலில் விலங்கோட ரோடு வேலை. நடத்தை நல்லா இருந்தா விலங்கு கழலும். அதுக்கு மேல போனா, கைதியே மத்தக் கைதிகளுக்குக் காவல். பதிவுல பேருக்குப் பக்கத்துல 'டிண்டல்', 'தஃபேதார்'னு இருந்தா அவர் அப்படி மேல வந்தவர்னு புரிஞ்சுக்கோங்க. முதல் வகுப்புக்காரங்களுக்கு வெளியில தங்கி, சொந்தமா பிழைச்சுக்க அனுமதிச் சீட்டு கிடைக்கும். கிழடு தட்டினவங்க, முடியாதவங்க கடைசி வகுப்பு.

அந்த அனுமதிச் சீட்டு வாங்கின தேதிதான் உங்க குடும்பம் ஆரம்பிச்ச தேதிக்குப் பக்கத்துல நிக்கும். சாவு, தப்பி ஓடினது, மன்னிப்பு, வகுப்பு மாத்தம் இதுக்கெல்லாம் தனித்தனி பட்டியல் உண்டு. அனுமதிச் சீட்டுப் பட்டியலை முதல்ல பாருங்க.

8. சொந்தக்காரங்க தமிழ் பேசுவாங்கன்னு எதிர்பார்க்காதீங்க

வந்தவங்கள்ல பெண்கள் ரொம்பக் குறைவு. அதனால விடுதலையானவங்க பலர் இங்கத்துப் பெண்களைக் கட்டினாங்க. முஸ்லிம் கைதிகளோட பிள்ளைகள் ஜாவி பெக்கான் சமூகத்துல கலந்தாங்க. ரெண்டு தலைமுறையில வீட்டுப் பேச்சு மலாய் ஆயிடுச்சு. உங்க பாட்டனோட இன்னொரு கிளை இன்னைக்கு சுங்கை பினாங்குல ஒரு மலாய்க் குடும்பமா இருக்கலாம். போய்க் கதவைத் தட்டி "நீங்க எங்க ஆளுங்க, கைதி வம்சம்"னு சொல்லிடாதீங்க. மரியாதையா அறிமுகமாகி, பழகி, அவங்க இஷ்டப்பட்டா மட்டும் தாளைக் காட்டுங்க. 1880-ல் வந்த முகமதிய கல்யாணச் சட்டத்துக்குப் பிறகு காதிகள் வைச்ச பதிவேடுகள் இந்தக் கிளைகளைப் பிடிக்க உதவும்.

  

9. காசும் நேரமும் வீணாகிற இடங்கள்

- டிஎன்ஏ பரிசோதனை. தென்னிந்தியர்னு சொல்லும். அது உங்களுக்கு முன்னாடியே தெரியும். கைதியா வியாபாரியான்னு எந்த எச்சிலும் சொல்லாது.
- நார்தம் ரோடு புராட்டஸ்டன்ட் கல்லறை. அங்கே லைட் இருக்கார், வெள்ளைக்காரங்க இருக்காங்க. நம்ம கைதிக்குப் பேர் வெட்டின கல் தேடி வெயில்ல நிக்காதீங்க.
- அந்தமான் செல்லுலர் ஜெயில் பட்டியல். அந்தக் கட்டடம் முடிஞ்சதே 1906-ல். ஊர்ல எந்தத் தீவுக்குப் போனாலும் "அந்தமான்"னு சொல்ற வழக்கம் இருக்கு. வருஷத்தைப் பாத்துட்டு நம்புங்க.
- யாரோ போட்ட வம்சாவளி மரத்தை அப்படியே நகல் எடுக்கிறது. கோப்பு எண் இல்லாத தகவலை உங்க நோட்டுல ஏத்தாதீங்க. நீங்க எடுக்கிற ஒவ்வொரு போட்டோவுக்கும் காப்பகம், கட்டு, பக்கம் மூணையும் அங்கேயே எழுதிடுங்க. வீட்டுக்கு வந்து எழுதலாம்னு விட்டா எழுதவே மாட்டீங்க.

10. குத்தம் என்னன்னு தெரிஞ்ச அன்னைக்கு

கொலைன்னு இருக்கலாம். அதை மாத்தி எழுதாதீங்க, வீட்டாருக்கு மறைக்காதீங்க. அதே சமயம் கம்பெனி எழுதினதை வேதமாவும் எடுத்துக்காதீங்க. கூட்டமா நெல்லை எடுத்தவங்க மேலயும் கொள்ளைன்னுதான் எழுதினாங்க. தன் ஊருக்காகச் சண்டை போட்டவன் மேல கலகம்னு எழுதினாங்க. வழக்குக் குறிப்பை முழுசா படிங்க, யார் புகார், என்ன சாட்சின்னு பாருங்க. அவரைத் தண்டிச்சாச்சு, அவர் அனுபவிச்சாச்சு. நீங்க நீதிபதியா உக்கார வேண்டியதில்லை.

தாள் கைக்கு வந்ததும் ரெண்டு வேலை பாக்கி. நகல் ஒண்ணை பினாங்கு ஹெரிட்டேஜ் டிரஸ்டுக்குக் குடுங்க. அடுத்து தேடுற பிள்ளைக்கு அது உதவும். இன்னொரு நகலோட, அதுல எழுதியிருக்கிற ஊருக்கு, பஞ்சாயத்து அலுவலக விலாசத்துக்கு ஒரு கடிதம் போடுங்க. இன்னாரோட மகன் இன்னார், இந்த வருஷம் கப்பல் ஏறினவர், பினாங்குல இத்தனை வருஷம் இருந்தார், அவர் வாரிசு நாங்கன்னு தமிழ்ல எழுதுங்க. அங்கே இருக்கிறவங்களுக்கு இது வரைக்கும் யாரும் சொன்னதில்லை.